பொட்டு கவ்வக் கற்றுக்கொண்ட கதை

பொட்டு வீட்டுக்கு வந்த நான்காம் நாள் என் மகன் சோபாவின் மேல் ஏறி நின்றுகொண்டு, இறங்கவே மாட்டேன் என்றான். ஐந்து வயது. நாய்க்குட்டி வேண்டும், நாய்க்குட்டி வேண்டும் என்று எட்டு மாதம் நச்சரித்துக் கொண்டுவர வைத்தவனே அவன்தான். கீழே பொட்டு முன்னங்கால்களைத் தரையோடு நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டிக்கொண்டு அவனுடைய கால்விரல்களையே பார்த்தபடி நின்றாள். விளையாட வா என்று நாய்கள் கூப்பிடும் விதம் அது. அவனுக்கு அது தெரியாது. இறங்கினால் கடிப்பாள் என்பது மட்டும் தெரியும்.

"அம்மா, அவளுக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டான்.

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பொட்டு என் நைட்டியின் ஓரத்தைக் கவ்வி உதற ஆரம்பித்தாள்.

நான் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். விரலில் ஊசி ஏறுவது எனக்குப் பழகிப்போனது. ஆனாலும் அந்தப் பற்கள் தந்த வலி வேறு மாதிரி. மணிக்கட்டு முதல் முழங்கை வரை சிவப்புச் சிவப்பாகக் கீறல்கள். மெஷினில் உட்கார்ந்தால் காலடியில் சமர்த்தாகப் படுத்திருப்பாள். துணி கொஞ்சம் அசைந்தால் போதும், பாய்ந்து கவ்வுவாள். துணியோடு சேர்த்து என் கணுக்காலும் மாட்டும். பதினோரு வயது மகள், தோழிகள் கேட்கிறார்கள் என்று பள்ளிக்கு முழுக்கைச் சட்டை போட்டுப் போக ஆரம்பித்தாள்.

அந்த முதல் வாரத்தை இப்போது பொட்டின் பக்கத்திலிருந்து நினைத்துப் பார்க்கிறேன். பாவம், எவ்வளவு குழம்பியிருப்பாள்! மகனைக் கவ்வினால் அவன் கத்திக்கொண்டு ஓடுவான். ஓடுவதைத் துரத்துவதைவிட ஒரு குட்டிக்கு வேறென்ன சந்தோஷம்? மகளைக் கவ்வினால் அவள் இரண்டு கையாலும் தள்ளிவிடுவாள். குட்டிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டுதான் மல்லுக்கட்டும், ஆகவே அதுவும் அவளுக்கு விளையாட்டு. என் கணவர் தரையில் உட்கார்ந்து வெறும் கையை அவள் முகத்துக்கு நேரே ஆட்டுவார், கடித்தால் சிரிப்பார். அத்தை, அதாவது என் மாமியார், செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் தட்டுவார். அந்தச் சரசரப்புக்கே பொட்டு ஓடி வருவாள். நான் ஒரு நேரம் கொஞ்சினேன், ஒரு நேரம் கத்தினேன். ஐந்து பேரும் ஐந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தோம்.

ஒன்பதாம் நாள் மகன் ஓடும்போது தடுக்கி விழுந்தான். பொட்டு அவன் மேல் ஏறிப் புறங்கையைக் கவ்விவிட்டாள். இரண்டு புள்ளியாக ரத்தம்.

நம் குட்டிதானே, விளையாட்டுக்குக் கடித்ததுதானே, விட்டுவிடு என்றார் அத்தை. எனக்கு மனம் ஒப்பவில்லை. குட்டி வளர்க்கிற எல்லோரிடமும் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரேபீஸ் கிருமிக்குக் குட்டி, பெரிய நாய் என்ற வேறுபாடு கிடையாது. ரேபீஸ் தடுப்பூசியைப் பொதுவாகக் குட்டிக்கு மூன்று மாதம் ஆகும்போதுதான் போடுவார்கள். பொட்டுக்கு அப்போது எட்டு வாரம்கூட நிரம்பவில்லை. அறிகுறி தெரிந்த பிறகு அந்த நோயிலிருந்து பிழைத்தவர்கள் மிக மிக அரிது. நேரத்தோடு ஊசி போட்டால் நோய் வராமலே தடுத்துவிடலாம். அதனால் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவினோம். அழுகிற குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது 15 நிமிடம் அவ்வளவு நீளமாக இருந்தது. காயத்தின் மேல் எதையும் பூசவில்லை, நேராக மருத்துவரிடம் போனோம். ரத்தம் வந்ததையும் குட்டியின் வயதையும் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற ஊசிகளைப் போட ஆரம்பித்தார். அடுத்தடுத்து எந்தெந்த நாள் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை.

ஆனால் ஊசிக்குக் காரணம் பொட்டு என்று மகன் மனதில் பதிந்துவிட்டது. அன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு கணவர் மெதுவாகக் கேட்டார், "திருப்பிக் கொடுத்துடலாமா?"

நான் பதில் சொல்லவில்லை. பொட்டு என் காலடியில், தைத்து மிச்சமான துணிக் குவியலில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் அந்த வெள்ளைப் பொட்டு. தூக்கத்தில் பால் குடிப்பதுபோல வாயை அசைத்தாள்.

மறுநாள் அவளைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வாரத்துல தாய்கிட்ட இருந்து பிரிச்சாங்க?"

ஆறு வாரம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். குட்டிக்கு மூன்று வார வாக்கில் பால்பல் முளைக்கத் தொடங்கும். மொத்தம் 28, அத்தனையும் ஊசி முனை. அப்போதிருந்தே குட்டிகள் ஒன்றையொன்று கவ்வி விளையாடும். ஒன்று அழுத்திக் கடித்துவிட்டால் கடிபட்டது வீலென்று கத்திவிட்டு விலகிப்போகும், விளையாட்டு நின்றுவிடும். பால் குடிக்கும்போது பல் பட்டால் தாய் எழுந்து போய்விடும். அழுத்தினால் விளையாட்டும் போகும் பாலும் போகும் என்று ஒரு நாளைக்கு எத்தனையோ முறை பாடம் நடக்கும். எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம். பொட்டு பாடத்தின் நடுவில் எழுந்து வந்தவள். மிச்சத்தை நாங்கள்தான் நடத்த வேண்டும்.

அப்புறம் அவர் சொன்ன விஷயம்தான் என் எண்ணத்தையே மாற்றியது. கடிக்கவே கூடாது என்று முதல் நாளிலிருந்தே தடுக்காதீர்கள் என்றார். முதலில் வலிக்காமல் கவ்வப் பழக்குங்கள், கவ்வுவதை நிறுத்துவது அடுத்த படி.

தமிழில் நமக்கு இந்த இரண்டு சொல்லும் தனித்தனியாக இருக்கின்றன, கடிப்பது, கவ்வுவது. பூனை தன் குட்டியைக் கவ்வித்தான் தூக்கிக்கொண்டு போகிறது. அதே பல்தான், அதே தாடைதான், ஆனால் எவ்வளவு அழுத்தம் என்பதை அதற்கு அளக்கத் தெரிகிறது. இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் இந்த வரிசையைத்தான் பல ஆண்டுகளாக வலியுறுத்துகிறார்: முதலில் கடியின் அழுத்தம் குறைய வேண்டும், பிறகு கடியின் எண்ணிக்கை. நாய்க்கடியை அவர் ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார். சீறிப் பாய்ந்தாலும் பல் தோலில் படாதது முதல் நிலை. பல் பட்டும் துளைக்காமல் விடுவது இரண்டாவது. அங்கிருந்து ஆழம் கூடிக்கொண்டே போய் ஆறாவது நிலை உயிரிழப்பு. எவ்வளவு சாதுவான நாய்க்கும் ஒரு நாள் கதவில் கால் மாட்டும், காதில் புண் வரும், யாராவது தெரியாமல் மேலே விழுவார்கள். வலியில் அது வாயைத் திருப்பத்தான் செய்யும். அந்த ஒரு நொடியில் கடி எந்த நிலையில் நிற்கும் என்பது அது குட்டியாக இருந்தபோது தன் வாயின் பலத்தை அளக்கக் கற்றதா என்பதைப் பொறுத்தது. பால்பல் இருக்கும் இந்தச் சில மாதம்தான் அதற்கான காலம்.

வீட்டுக்கு வந்து அன்று இரவே ஐந்து பேரும் உட்கார்ந்து பேசினோம். லேசாகக் கவ்வினால் பெரியவர்கள் மூவரும் மகளும் பொறுத்துக்கொள்வது. வலித்தால் அந்த நொடியே விளையாட்டு நிற்கும். வாரத்துக்கு வாரம் நாங்கள் பொறுத்துக்கொள்ளும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. மகன் விஷயத்தில் மட்டும் நான் மருத்துவர் சொன்னதைவிடக் கொஞ்சம் கடுமையாக இருந்தேன். அவன் மேல் பல் படவே கூடாது, அவன் கை இந்தப் பாடத்துக்கு வேண்டாம். சரியோ தப்போ, அது என் முடிவு. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வலித்தால் குட்டிபோலவே "ஆ!" என்று கத்திப் பாருங்கள் என்று பலர் சொல்வதுண்டு. சில குட்டிகள் அதைக் கேட்டு விட்டுவிடுமாம். பொட்டுக்கு அது முறுக்கேற்றியது. கத்திய உடனே கண்கள் பளபளக்க இன்னொரு தரம் பாய்ந்தாள். இரண்டு நாளில் அதை விட்டுவிட்டோம். பிறகு செய்ததெல்லாம் இதுதான். பல் அழுந்தியதும் பேசாமல், அவளைப் பார்க்காமல் எழுந்து, கூடத்துக்கும் என் தையல் அறைக்கும் நடுவே வைத்த முழங்கால் உயர மரத் தடுப்பைத் தாண்டிப் போய்விடுவோம். மனதுக்குள் முப்பது எண்ணுவோம். திரும்பி வந்து ஒன்றும் நடக்காததுபோல விளையாட்டைத் தொடருவோம், ஆனால் இந்தத் தடவை கையில் கயிறோ பொம்மையோ இருக்கும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனியே விடுவதில் பயனில்லை. எதற்காக விட்டார்கள் என்பதே அதற்குள் அவளுக்கு மறந்துபோயிருக்கும். முதல் நாள் மாலை மட்டும் நான் அந்தத் தடுப்பைப் பதினான்கு தடவை தாண்டினேன். தொடை வலித்தது.

அத்தைக்கு முழங்கால் வலி, அப்படிச் சட்டென்று எழுந்திருக்க முடியாது. அவருக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. அவருடைய நாற்காலியைத் தடுப்பை ஒட்டி அந்தப் பக்கம் போட்டோம். மேலே சாய்ந்து பொட்டைத் தடவுவார். அவள் அழுத்தினால் கையை இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். பொட்டு மூக்கைத் தடுப்பின் இடுக்கில் நுழைத்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாய் வேண்டாம் என்று முதலில் சொன்னவர் அத்தைதான். ஆனால் பேசி வைத்ததை ஒரு தடவைகூட மீறாதவரும் அவர்தான். எல்லோரையும் முந்தி அத்தையின் கையைத்தான் பொட்டு மென்மையாகக் கவ்வக் கற்றாள்.

மகள் ஒரு நோட்டுப் போட்டாள். தேதி, நேரம், யாரை, எப்படி. 'எப்படி' என்ற கட்டத்தில் மூன்று சொற்களில் ஒன்றைத்தான் எழுதலாம்: லேசு, அழுத்தம், ரத்தம். கடைசியாக ஒரு கட்டம், 'எப்போது தூங்கி எழுந்தாள்'. அந்தக் கட்டத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே சேர்த்தது. எங்கள் வீட்டில் பாதிக் கடியைக் குறைத்தது அந்தக் கட்டம்தான்.

எட்டு நாள் ஆனதும் நோட்டை விரித்து வைத்துப் பார்த்தோம். காலையில் பெரும்பாலும் லேசு. மாலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை வரிசையாக அழுத்தம், அழுத்தம், அழுத்தம். பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தால் அந்த நேரத்துக்கு முன்னால் மூன்று மணி நேரம், சில நாள் நான்கு மணி நேரம் அவள் தூங்கவே இல்லை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் அவள் எழுந்துகொள்வாள். அதற்குமேல் டிவி, சண்டை, வீட்டுப்பாடம், ஆள் நடமாட்டம். யாரும் அவளைத் தூங்கவிடவில்லை. குட்டி நாய்க்கு ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை தூக்கம் வேண்டும். தூக்கம் போதாத குழந்தை எப்படிச் சிணுங்கிக்கொண்டு எதற்கெடுத்தாலும் அடம் பிடிக்கும்! இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நான், எனக்கு இது உடனே தெரிந்திருக்க வேண்டும். அவள் வீட்டைச் சுற்றி வெறிபிடித்ததுபோல ஓடிக் கண்ணில் பட்டதையெல்லாம் கடித்த நேரங்களில் அவளுக்கு இன்னும் விளையாட்டு வேண்டும் என்று நினைத்துக் கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு வேண்டியிருந்தது தூக்கம்.

அன்றிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் விழித்திருந்தால், அடுத்து தூக்கம். என் தையல் அறை மூலையில் ஒரு கூண்டு, கதவைத் திறந்தே வைத்து, மேலே பழைய போர்வை. உள்ளே மெல்ல ஏதாவது கொடுத்துப் படுக்கவைப்பேன். மெஷின் ஓடும் சத்தத்தில் இரண்டே நிமிடத்தில் கண் சொருகும். கூண்டைத் தண்டனையாக ஒருபோதும் பயன்படுத்தவில்லை. அவள் உள்ளே இருக்கும்போது பிள்ளைகள் கைவிட்டுத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். நான்கே நாளில் நோட்டில் மாலை நேரத்துக் கட்டங்கள் காலியாக ஆரம்பித்தன.

மகனுக்கு வருகிறேன். அவனுக்குத் துணிச்சல் திரும்ப வேண்டும் என்றால், பொட்டு பாய்ந்து வரும்போது என்ன செய்வது என்று அவன் உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற 'மரம்' என்ற பயிற்சியை ஆரம்பித்தோம். அசையாமல் நிற்க வேண்டும். கைகளை உடம்போடு சேர்த்து முன்னால் கோத்துக்கொள்ள வேண்டும். கண்கள் தன் பாதத்தைப் பார்க்க வேண்டும், குட்டியைப் பார்க்கக் கூடாது. மனதுக்குள் எண்ண வேண்டும். ஆடாத கையிலும் ஓடாத காலிலும் குட்டிக்குச் சுவாரசியம் இல்லை. முதலில் பொட்டு இல்லாமல் பழகினோம். நான் நான்கு காலில் தவழ்ந்து பாய்ந்து வருவேன், அவன் மரமாக நிற்பான். சிரிப்பு வந்துவிடும் அவனுக்கு. ஊசி போட்டதற்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அடுத்து தடுப்புக்கு அந்தப் பக்கம் பொட்டு, இந்தப் பக்கம் அவன். அதற்கப்புறம்தான் ஒரே இடத்தில், நான் பக்கத்தில் நின்றுகொண்டு. சின்னப் பிள்ளையையும் குட்டியையும் பெரியவர் கண் இல்லாமல் தனியே விடவே கூடாது, ஒரு நிமிடம்கூட. கதவைத் திறக்கப் போனால்கூட நான் பொட்டைத் தூக்கிக்கொண்டுதான் போவேன்.

விளையாடுவதற்கு மிச்சத் துணிகளை மூன்று பட்டையாகக் கிழித்து இறுக்கப் பின்னி, என் இன்ச் டேப்பின் நீளத்துக்கு, ஒன்றரை மீட்டரில் ஒரு கயிறு செய்தேன். அவன் ஒரு முனையைப் பிடித்துத் தரையில் பாம்புபோல இழுப்பான், பொட்டு மறுமுனையைத் துரத்துவாள். பல்லுக்கும் அவன் கைக்கும் நடுவே அவ்வளவு தூரம். (துணிக்கயிறு செய்பவர்களுக்கு ஒன்று: நூல் பிரிய ஆரம்பித்தால் உடனே தூக்கிப் போட்டுவிடுங்கள். விழுங்கிய நூல் குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சைவரை போகும். நான் ஒவ்வொரு இரவும் முனைகளைப் பார்த்து வெட்டிவிடுவேன்.) பொட்டு உட்கார்ந்தால் தடுப்புக்கு மேலிருந்து ஒரு தீனி போடுவதும் அவன் வேலை. பத்து நாளில் அவனைப் பார்த்ததும் பாய்வதற்குப் பதிலாக உட்கார ஆரம்பித்தாள். "அம்மா, உக்காந்துட்டா! நான் சொல்லவே இல்ல!" என்று ஓடி வந்து சொன்னான். ஓடக்கூடாது என்பதை மறந்துதான் ஓடி வந்தான்.

வாயை இறுக்கிப் பிடி, மூக்கில் சுண்டு, மல்லாக்கப் போட்டு அமுக்கு, நீதான் தலைவன் என்று காட்டு என்றும் சொன்னார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். கணவர் ஒரே ஒரு தடவை வாயைப் பிடித்தார். அடுத்த நாள் கழுத்துப் பட்டை மாட்டக் கை நீட்டினால் பொட்டு பின்வாங்கி சோபாவுக்கு அடியில் போய்விட்டாள். கையைப் பார்த்தாலே ஒதுங்கினாள். அவர் தினமும் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையில் தீனி வைத்து, அவளாக வரும்வரை காத்திருந்து, அந்தப் பயத்தைப் போக்க மூன்று வாரம் ஆனது. 'தலைவன்' பேச்சின் வேரைத் தேடிப் பார்த்தேன். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் விலங்குக்காட்சிச் சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து எழுதியதிலிருந்து பரவியது. அந்தச் சொல்லைப் பரப்பியதில் தனக்கும் பங்குண்டு என்ற ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் ஒரு தாயும் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-இல் விளக்கி எழுதினார். ஒரு குடும்பத்தில் குட்டிக்கு எப்படிச் சொல்லித் தருவோமோ அப்படிச் சொல்லித் தந்தால் போதும் என்று எனக்குப் பட்டது.

எல்லாம் நேர்கோட்டில் நடக்கவில்லை. மூன்றாம் வாரத்தில் நான்கு நாள் முன்னைவிட மோசமாகக் கடித்தாள். இதுவரை பலித்தது பலிக்காமல் போகும்போது, விடுவதற்கு முன்னால் ஒரு தடவை இன்னும் பலமாக முயன்று பார்ப்பது எந்த உயிருக்கும் இயல்புதான். அந்த நான்கு நாளில் நானே தளர்ந்துபோனேன். அத்தைதான், "பேசி வெச்சத மாத்தாத" என்றார்.

நான்கு மாதம் நெருங்கும்போது பல் விழ ஆரம்பித்தது. முதலில் முன்பற்கள், கோரைப்பற்கள் பின்னால். பெரும்பாலும் குட்டிகள் விழுங்கிவிடும், நமக்குத் தெரியாது. கயிற்றில் சிவப்பாகக் கறை பட்டிருந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒன்று மட்டும் என் கட்டிங் மேசைக்கு அடியில் கிடந்தது, அரிசி அளவுதான். மகன் கண்டெடுத்து என் பட்டன் டப்பாவில் போட்டு வைத்தான், இன்னும் இருக்கிறது. ஆறேழு மாதத்தில் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். ஈறு அரிக்கிற அந்த மாதங்களில் துணியை நனைத்து முறுக்கி ஃபிரீசரில் வைத்துக் கொடுத்தேன், குளிர்ச்சியில் ஈறுக்கு இதமாக இருக்கும். பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் கொடுப்பேன். கடிக்கக் கொடுக்கும் எதையும் முதலில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பேன். நகம் பதியாத அளவுக்குக் கடினமாக இருந்தால் வேண்டாம், பல் உடைந்துவிடும். பழைய செருப்பைக் கொடுப்பதும் வேண்டாம். பழையது எது புதியது எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எல்லாக் கடியும் விளையாட்டுக் கடி ஆகாது. விளையாடும்போது பொட்டு உறுமுவாள், பல்லைக் காட்டுவாள், ஆனால் உடம்பு முழுக்கத் தளர்ந்து வளைந்து குழைந்து இருக்கும். ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் மகள் தீனித் தட்டின் பக்கம் குனிந்தபோது பொட்டு சாப்பிடுவதை நிறுத்தி, அப்படியே விறைத்து, கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்து, அடித்தொண்டையில் உறுமினாள். எனக்கு வயிற்றில் பகீரென்றது. அதட்டவில்லை. உறுமல் எச்சரிக்கை மணி. அதை அதட்டி அடக்கினால் அடுத்த தடவை மணி அடிக்காமலே கடி விழும். மகளை நகரச் சொல்லிவிட்டு மருத்துவரைக் கேட்டோம். தட்டை எடுப்பதற்குப் பதிலாக, தூரத்திலிருந்தே இன்னும் ருசியான ஒன்றைத் தட்டில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிடும்போது ஆள் வந்தால் கூடக் கிடைக்கும் என்று அவளுக்குப் புரியச் சில வாரம் ஆனது. மகன் மட்டும் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போவதே இல்லை. இன்றும் அப்படித்தான்.

ஆறு மாதம் தாண்டியதும் நோட்டில் எழுத ஒன்றும் இல்லாமல் போய், மகள் அதை அலமாரியில் வைத்துவிட்டாள்.

போன மாதம் ஒரு நடு இரவு. பொட்டுக்கு இப்போது பதினான்கு மாதம், முழு வளர்ச்சி அடைந்த நாய், எலும்பை நொறுக்கும் தாடை. அத்தை தண்ணீர் குடிக்க எழுந்தவர் விளக்குப் போடவில்லை. நடைவழியில் தூங்கிக்கொண்டிருந்த பொட்டின் முன்னங்காலின் மேல் முழுப் பாரத்தோடு மிதித்துவிட்டார். வீட்டையே உலுக்குகிற மாதிரி ஓர் அலறல். அதோடு சேர்ந்து அத்தையின் சத்தம். நான் ஓடிப்போய் விளக்கைப் போட்டபோது அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொட்டு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, காதைப் பின்னால் மடக்கி, அவர் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தாள்.

"கணுக்கால கவ்விட்டா" என்றார் அத்தை.

தரையில் உட்கார்ந்து பார்த்தேன். கணுக்கால் எச்சிலில் ஈரமாக இருந்தது. துடைத்துவிட்டு, டார்ச் அடித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, சிவந்திருக்கக்கூட இல்லை. என் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு பொட்டின் காலை விரல் விரலாக அமுக்கிப் பார்த்தேன், அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சத்தத்தில் பிள்ளைகள் இரண்டு பேரும் எழுந்து வந்து கதவோரம் நின்றார்கள். மகன் கண்ணைத் தேய்த்துக்கொண்டே, "பாட்டி, லேசா, அழுத்தமா, ரத்தமா?" என்று கேட்டான்.

அத்தை கீழே பார்த்தார். பொட்டு இன்னும் அவர் காலடியிலிருந்து நகரவில்லை.

"லேசு" என்றார்.

மகள் உள்ளே போய் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து வந்தாள்.